மூன்றாவது வளைவில் ஈரம்

விடியற்காலையில் பெய்த மழை அப்படியொன்றும் பெரிய மழையில்லை. சைதாப்பேட்டையில் பாதிப் பேருக்குத் தூக்கமே கலைந்திருக்காது. ஆனால் செபஸ்தியான் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஆற்றோரத்து மைதானத்துக்குள் கால் வைத்தபோது, இரண்டு வாரமாகக் கொட்டி, கலைத்து, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, பார்த்துப் பார்த்து இழைத்து வைத்திருந்த மண்பாதை முழுக்கச் சேறாகிக் கிடந்தது. "நாசமாப் போற மழையே, இன்னிக்குத்தானா உனக்கு வழி தெரிஞ்சுது?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினார். வானம் அதற்குள் வெளுத்துப்போய், தனக்கொன்றும் தெரியாதது போல நின்றது. கத்தியதில் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் அங்கே மோட்டார் சைக்கிள் ரேஸ். தார் ரோட்டில் ஓடுகிற ரேஸ் இல்லை, மண்ணில் ஓடுவது. வளைவும் குதிமேடுமாக ஒரு சுற்று, ஓரமெல்லாம் டயர் அடுக்கு, உயரக் கம்பங்களில் விளக்கு. டிக்கெட் வாங்கி வருகிற ஜனம் வண்டியைப் பார்க்கும், ஓட்டுகிறவனைப் பார்க்கும், மேட்டிலிருந்து பறந்தால் விசிலடிக்கும். மண்ணை எவன் பார்க்கப்போகிறான்? செம்மண்ணை மட்டும் கொட்டினால் இரண்டாவது சுற்றிலேயே புழுதி கிளம்பி, முன்னால் போகிறவன் முதுகு தெரியாது. ஏரி வண்டலை மட்டும் கொட்டினால் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். இரண்டையும் கலக்க வேண்டும், கலந்ததை நனைக்க வேண்டும், நனைத்ததை அழுத்த வேண்டும், அழுத்தியதைத் திரும்பக் கீற வேண்டும். நடுநடுவே குனிந்து குனிந்து கல் பொறுக்க வேண்டும். பின்சக்கரம் தெறிக்கவிடுகிற கோலிக்குண்டு அளவு கல் போதும், பின்னால் வருகிறவன் தொண்டையைப் பதம் பார்க்க. இந்த வேலையில் இடுப்பு போனவர்கள் உண்டு, பேர் வாங்கியவர்கள் யாரும் கிடையாது.

செபஸ்தியானுக்குச் சொந்த வேலை இதுவல்ல. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்காரர், காசிமேட்டில் லாஞ்சு ஏறி மீன் பிடிக்கப் போகிறவர். ஏப்ரலிலிருந்து ஜூன் பாதி வரை மீன்பிடித் தடை. லாஞ்செல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். அந்தச் சும்மா இருக்கிற நாளில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் இந்த மண் வேலை. முதல் வருடம் கல் பொறுக்க வந்தார். இப்போது அவர்தான் மேஸ்திரி. பாதையில் அவர் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து வந்து 'ஓடலாம்' என்று தலையாட்டினால்தான் கொடியே ஏறும். ரேஸை நடத்துகிற லாய்ட் அப்படி ஒரு வழக்கம் வைத்திருந்தார். அவர் ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர், முழங்காலில் இரும்புத் தகடு வைத்தவர். அதனால் மண்ணைத் தொட்டவன் பேச்சுக்கு மேல் வேறு பேச்சு அவரிடம் கிடையாது.

மழைக்காக மட்டும் செபஸ்தியான் காலையில் அப்படிக் கத்தவில்லை. அன்றைக்கு முதல் ரேஸ் பெண்களுக்கானது. அதில் ஓட்டப்போகிற ஐந்து பேரில் ஒருத்தி அவருடைய மகள் ஜெனிதா.

அந்தப் பெண் அப்பனுக்குச் சோறு எடுத்துவந்த இடத்தில் வண்டியைப் பார்த்து மயங்கியவள். லாய்ட் ஒருநாள் விளையாட்டாக ஏற்றி உட்கார வைத்தார், அவ்வளவுதான். அடையாற்றில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, லீவு நாளில் ஈக்காட்டுத்தாங்கல் ஒர்க்ஷாப்பில் கிரீஸ் கை, பின்னாலிருக்கிற காலி மனையில் பழைய வண்டியை வைத்துப் பழக்கம். இப்படியே வருடங்கள் ஓடின. ஒவ்வொரு வருடமும் நோட்டீஸில் பெண்கள் பிரிவு என்று போடுவார்கள். ஐந்து பேராவது சேர்ந்தால்தான் ஓட்டம். ஒரு வருடம் மூன்று பேர் வந்தார்கள், ஒரு வருடம் நான்கு, போன வருடம் மறுபடி மூன்று. ஒவ்வொரு முறையும் ஜெனிதா வண்டியைத் துடைத்துக்கொண்டு வந்து, துடைத்த வண்டியோடு திரும்பிப் போவாள். இந்த வருடம்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒருத்தி, புதுச்சேரியிலிருந்து ஒருத்தி, பெங்களூரிலிருந்து இரண்டு பேர், இவள் ஒருத்தி என்று கணக்கு நிறைந்தது.

லாய்ட் அப்போதே சொல்லிவிட்டார். "செபஸ்டின், மேன், இந்த வருஷம் ஓடலன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து லேடீஸ் கிளாஸே கிடையாது. ஸ்பான்ஸர் ஒத்துக்க மாட்டேங்கறான்." ஜெனிதாவுக்கு அடுத்த வருடமே கிடையாது. வியாழக்கிழமை அவளுக்கு மஸ்கட்டுக்கு விமானம். அங்கே ஆஸ்பத்திரியில் மூன்று வருட ஒப்பந்தம். இன்றைக்கு ஓட்டினால் ஓட்டியது. இல்லையென்றால் அவள் ஆயுசில் ரேஸ் என்று ஒன்று கிடையாது. இது செபஸ்தியானுக்கும் தெரியும், மைதானத்தில் கல் பொறுக்குகிற பெண்கள் வரைக்கும் தெரியும்.

"இன்னா மாமா, நேத்து வரைக்கும் தண்ணி ஊத்து தண்ணி ஊத்துன்னு என் உசுர வாங்குன. மேல கீறவன் ஓசிலயே ஊத்திட்டான் பாரு" என்று தண்ணீர் லாரிக்காரன் டில்லிபாபு இளித்துக்கொண்டு வந்தான்.

"வாய மூடிக்கினு பக்கெட்ட எட்றா."

அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் ஒரு வேலை! சைதாப்பேட்டை மெத்தைக்கடையில் வீணான ஸ்பாஞ்சுகளை அள்ளிவந்து, வெட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்தார். குட்டை குட்டையாக நின்ற தண்ணீரில் ஸ்பாஞ்சை அமுக்கி, பக்கெட்டில் பிழிந்து, ஓரத்தில் கொட்ட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். மண்டியிட்டு அரை மணி செய்து பார்த்தால் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியாது. தண்ணீர் போன இடத்தில் மேலே படிந்த வழுவழுப்பான சேற்றை பீர் முஹம்மது ஜேசிபி வாளியால் வழித்தெடுத்தான். ரோலர், ஜேசிபி இரண்டுக்கும் அவன்தான் ஆள். விரல் கனம் மண்ணை மட்டும் உரித்தெடுக்கச் சொன்னால் உரித்தெடுப்பான். வழித்த இடத்தில், தார்ப்பாய்க்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்த காய்ந்த மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து தூவினார்கள். பிறகு ரோலர். பிறகு கீறல். மறுபடி ரோலர். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. செபஸ்தியானுக்கு அந்த வெயில் அமிர்தமாக இருந்தது. இன்னும் காய், இன்னும் காய் என்று மனசுக்குள் சூரியனிடம் கெஞ்சிக்கொண்டே மண் சுமந்தார்.

சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் பாதை பாதையாகிவிட்டது. குதிமேடுகள் இறுகி நின்றன. ஒன்றாவது வளைவு, இரண்டாவது வளைவு எல்லாம் பழுதில்லை. செபஸ்தியான் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க ஆரம்பித்தார். அவர் பழக்கம் அது. குதிகாலை அழுத்தி ஊன்றி நடப்பார். மேலே காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் குதிகால் காட்டிக் கொடுத்துவிடும். அங்கங்கே ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்துத் தரையில் போடுவார். உருண்டை இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. சப்பென்று ஒட்டிக்கொண்டால் சரியில்லை.

மூன்றாவது வளைவில் சப்பென்று ஒட்டிக்கொண்டது. அதுவும் உள்பக்க ஓரத்தில், ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில்தான். ஆற்றுச் சுவர் பக்கம் தாழ்வான இடம், கீழிருந்து ஊறுகிறது. செபஸ்தியானின் குதிகால் கொழகொழவென்று இறங்கியது. சுற்றியிருக்கிற பாதை முழுவதும் அவர் கண்ணிலிருந்து மறைந்துபோய், அந்தப் பாயளவு இடம் மட்டும் பூதாகரமாக நின்றது.

"அண்ணே, இது ஒரு மேட்டரே இல்ல" என்றான் பீர் முஹம்மது. ரோலரிலிருந்து இறங்கி வந்து அவனும் மிதித்துப் பார்த்தான். "போன வருஷம் இதவிட மோசமா இருந்துச்சு. பசங்க ஓட்டலியா? நீதானே தலைய ஆட்டுன?"

"போன வருசம் வேற."

"இன்னா வேற?"

செபஸ்தியான் மறுபடி குதிகாலை ஊன்றிப் பார்த்தார். என்ன வேறு என்று அவனுக்கே தெரியும். முதலில் இந்த மண்ணைத் தொடப்போவது ஐந்து பெண்கள். மற்ற ரேஸெல்லாம் ஓடி ஓடி மண் இறுகிய பிறகு வருகிறவர்களுக்கு ஆபத்தில்லை. முதலில் வருகிறவளுக்குத்தான் எல்லா ஆபத்தும். விழுந்து கால் முறிந்தால் மஸ்கட் போச்சு. கழுத்தில் அடிபட்டால்? நடுக்கடலில் அலை லாஞ்சைத் தூக்கிப் போட்டபோதெல்லாம் பீடி புகைத்துக்கொண்டிருந்த மனுஷன், காய்ந்த தரையில் நின்றுகொண்டு நடுங்கினார்.

மூன்று மணி வாக்கில் ஜெனிதா வந்தாள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் கவசம், ஒரு கையில் யாரிடமோ கடன் வாங்கிய பூட்ஸ், இன்னொரு கையில் ஹெல்மெட். அப்பனின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக மூன்றாவது வளைவுக்குப் போய், குந்தி உட்கார்ந்து, விரலால் கிளறிப் பார்த்தாள்.

"ஓடும் நைனா."

"உள்ள கொழகொழன்னு கீதுமா."

"உள்பக்கம்தானே கீது? நான் இன்னாத்துக்கு உள்பக்கம் வரேன்? வெளிப்பக்கமா வளைச்சி எடுப்பேன். எல்லாருமே அப்டித்தான் எடுப்பாங்க."

"வழுக்கினா?"

"வழுக்கினா வழுக்கட்டும், விழுந்தா எழுந்துக்கறேன்." அவள் எழுந்து வந்து அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நைனா, இதப் பாரு. நீ போயி லாய்ட் சாராண்ட டைம் கேக்காத. கேட்டா நம்ம ரேஸத்தான் தள்ளுவாங்க. கேக்காத, இன்னா?"

"சரி சரி, போ."

அவள் தலை மறைந்ததும் இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தார். அதே கொழகொழ. அந்த நேரம் பார்த்து லாய்ட் அந்தத் தகடு வைத்த காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து நின்றார்.

"என்ன சொல்ற செபஸ்டின்? சொன்ன டைமுக்கு ஸ்டார்ட் பண்ணிடலாமா? கேர்ள்ஸ் ரெடி. வேற யாரையும் நான் கேக்கப்போறதில்ல, நீ சொல்லு."

ஓடும். அது செபஸ்தியானுக்குத் தெரியும். முதல் ரேஸ் ஆண்பிள்ளைகளுக்கானதாக இருந்திருந்தால் இந்நேரம் தலையை ஆட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். அதை எப்படி மறைக்க முடியும்? ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"ஒரு மணி நேரம் குடு சார். கடக்காத்து எறங்கற நேரம். காத்து வந்துட்டா ஈரத்த இழுத்துக்கினு போயிடும்."

லாய்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒன் அவர் மட்டும்தான் மேன்" என்று சொல்லிவிட்டு மைக் இருக்கிற பக்கம் போனார்.

கடல்காரர்கள் தவிர வேறு யாரும் அப்படி ஒரு கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள். பட்டினப்பாக்கத்தில் மதியம் திரும்பினால் கடற்காற்று இறங்கிவிடும். அது அவருடைய ரத்தத்தில் ஊறிய கணக்கு. சைதாப்பேட்டைக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை மாடிக் கட்டடம், எத்தனை மேம்பாலம் நிற்கிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. நெற்றியை உயர்த்திக் கிழக்கே பார்த்தபடி நின்றார். ஓரத்தில் கட்டியிருந்த விளம்பரத் துணி ஒன்றுகூட அசையவில்லை. பொறுக்க முடியாமல் வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார்.

"சகாயம், காத்து வந்துச்சா?"

"எப்பவோ வந்துச்சே! கொடில போட்ட துணியெல்லாம் பறந்துக்கினு கீது. பொண்ணு ஓட்டிட்டாளா?"

"இன்னும் இல்ல. வந்துடும், வந்துடும்" என்று போனை வைத்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கரைக்கு வந்த காற்று இங்கே வர எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? "பீரு, காத்து கெளம்பிடுச்சுடா! அதுக்குள்ள இத்த வழிச்சி எடுத்துட்டு காஞ்ச மண்ண போட்ருவோம்" என்று உற்சாகமாக மண்வெட்டியைத் தூக்கினார்.

வழித்தார்கள். காய்ந்த மண்ணைப் போட்டார்கள். ரோலரை ஏற்றினார்கள். அங்கேதான் வந்தது வினை. ஈரத்தின் மேல் கனம் ஏற ஏற, அடியிலிருந்த தண்ணீர் மேலே பிதுங்கிக்கொண்டு வந்தது. பாயளவு இடம் அறையளவு ஆயிற்று. பீர் முஹம்மது ரோலரை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்தான். "சும்மா கெடந்தத நோண்டிட்டோம்ணே" என்றான். செபஸ்தியானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "பேசாத! ஸ்பாஞ்ச கொண்டா!" என்று கத்திவிட்டு, சேற்றில் மண்டியிட்டார். ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து, பிழிந்து பிழிந்து கொட்டினார்கள். டில்லிபாபுகூட அப்போது கிண்டல் பேசவில்லை.

கேட்ட ஒரு மணி போயிற்று. இன்னொரு மணியும் போகப் பார்த்தது. வெயில் மஞ்சளாகிக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிய பிறகுதான் முதல் விளம்பரத் துணி படபடத்தது. வந்தது கடற்காற்று. வந்து என்ன? இனிமேல் எது காய்ந்தால் என்ன?

லாய்ட் அவரைத் தேடிக்கொண்டு வந்தார். முகத்தில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "செபஸ்டின், ஆர்டர் மாத்திட்டேன். வீடியோகாரங்க மெயின் கிளாஸுக்குத்தான் வந்திருக்காங்க, அத மொதல்ல ஓட்டணும். லேடீஸ் கடைசில. ஒம்பது மணி வரைக்கும் பெர்மிஷன் இருக்கு, டைம் இருக்கும். டோண்ட் வொர்ரி."

ஜெனிதா டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பனை ஒரே ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய், வண்டிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

விளக்குகள் எரிந்தன. கூட்டம் வந்துவிட்டது. முதல் ரேஸ் கிளம்பியது. கிளம்பின எல்லா வண்டியும் மூன்றாவது வளைவுக்கு வந்ததும் அப்படியே வெளிப்பக்கமாகச் சாய்ந்து, மேட்டோரமாக உறுமிக்கொண்டு போயின. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, கடைசிச் சுற்று. செபஸ்தியான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்பக்க ஓரத்தை ஒரு வண்டிகூடத் தொடவில்லை. அவ்வளவு பாடுபட்டு வழித்து, பிழிந்து, காயவைத்த அந்த இடத்தில் ஒரு சக்கரத்தின் தடம்கூட விழவில்லை. ரோலர் ஓட்டியது ஓட்டியபடி வழவழவென்று கிடந்தது. இதைத்தானே அந்தப் பெண் வாயால் சொன்னாள்? அவருக்குத் தன் தலையிலேயே நாலு போட்டுக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பொல்லாத காற்று அதோடு விட்டதா? நேரம் கழித்து வந்தாலும் கெட்டியாக வந்தது. வந்து மண்ணின் ஈரத்தை மொத்தமாக உறிஞ்சிவிட்டது. மூன்றாவது ரேஸில் புழுதி கிளம்பியது. நான்காவதில் பின்னால் வந்தவனுக்கு முன்னால் போனவன் தெரியவில்லை; குதிமேட்டில் இரண்டு பையன்கள் மோதிக்கொண்டார்கள். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து வெளியே போகும்வரை எல்லாம் நின்றது. நல்லவேளை, தோள்பட்டையோடு போயிற்று.

"தண்ணி அடிங்க! தண்ணி அடிக்காம அடுத்த ரேஸ் கிடையாது!" என்று லாய்ட் மைக்கிலேயே கத்தினார்.

காயட்டும் காயட்டும் என்று பகலெல்லாம் கெஞ்சிய மண்ணுக்கு, இப்போது ஒவ்வொரு ரேஸுக்கும் நடுவே தண்ணீர் விட வேண்டியதாயிற்று. டில்லிபாபு லாரியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினான். செபஸ்தியான் குழாய்க்குப் பின்னால் ஓடினார். "சீக்கிரம்டா, சீக்கிரம்! இங்க போதும், அடுத்த வளைவுக்குப் போ!" ஜாஸ்தி விட்டால் வழுக்கும், கம்மியாக விட்டால் புழுதி, இரண்டுக்கும் நடுவே அவர் மகளின் நேரம் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு தடவை லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, வேகமாக ஓட்டச் சொல்லி டில்லிபாபுவைக் கையெடுத்துக் கும்பிட்டார். "மாமா, வேகமா போனா தண்ணி திட்டுத் திட்டா வுழும் மாமா. நீதானே சொல்லிக் குடுத்த" என்றான் அவன், அழாத குறையாக.

ஒரு வழியாக ஆண்களின் ரேஸ் அத்தனையும் முடிந்தது. ஐந்து பெண்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கோட்டில் நிறுத்தினார்கள். ஏறி உட்கார்ந்தார்கள். ஹெல்மெட் மாட்டினார்கள். ஐந்து வண்டியும் உறுமின. கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது என்றாலும், மிச்சமிருந்தவர்கள் எழுந்து நின்று விசிலடித்தார்கள். ஜெனிதா இரண்டாவதாக நின்றாள். தலையைத் தாழ்த்தி, முழங்கையை விரித்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் செபஸ்தியானுக்கு எல்லாமே சரியாகிவிட்டது. மாதாவே, அம்மா, தாயே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

மைதானத்து கேட் பக்கமிருந்து ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் வந்தார்கள். அதட்டவில்லை, மிரட்டவில்லை. பக்கத்துக் குடியிருப்பில் ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறார்கள், ஒன்பது என்றால் ஒன்பதுதான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். லாய்ட் இரண்டு கையையும் விரித்துக் கெஞ்சினார். "சார், அஞ்சே லேப் சார். பத்து நிமிஷம்கூட ஆகாது சார்." இன்ஸ்பெக்டர் வருத்தமாகத்தான் தலையாட்டினார். "நீங்க சொன்ன நேரத்துல ஆரம்பிச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுங்களே" என்றார்.

லாய்ட் திரும்பி, கொடிக்காரனைப் பார்த்து இரண்டு கையையும் குறுக்காகக் காட்டினார். கொடிக்காரன் கொடியைச் சுருட்டிக்கொண்டான். ஒவ்வொரு வண்டியாக உறுமல் நின்றது. புதுச்சேரிப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தாள். பெங்களூர்ப் பெண்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். ஜெனிதாவின் வண்டி மட்டும் கடைசிவரை ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அதையும் நிறுத்தினாள்.

மைதானம் காலியாயிற்று. விடிந்தால் அங்கே நடை பழக வருகிறவர்கள் வருவார்கள். ராத்திரியோடு ராத்திரியாகப் பாதையைக் கலைத்து, தரையைப் பழையபடி நிரவி விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. கம்பத்து விளக்குகள் அதற்காகத்தான் இன்னும் எரிந்தன. செபஸ்தியான் மகளிடம் போனார். அவள் தரையில் உட்கார்ந்து பூட்ஸின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திட்டுவாள், அழுவாள், தன் சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று எதிர்பார்த்தார். அதற்காக ஏங்கினார் என்றே சொல்ல வேண்டும்.

"ஜெனி, பீராண்ட சொல்லிக்கீறேன். இன்னும் ஜேசிபி கெளப்பல. சத்தம் போடாம மெதுவா ஒரு ரவுண்டு போய்ட்டு வாம்மா. பாத நல்லாக்கீது. பாரு, எவ்ளோ நல்லாக்கீது."

"யாரு கூட நைனா?"

அவருக்குப் புரியவில்லை.

"தனியா சுத்தறதுக்கு எனக்கு ரோடே போதுமே. ஈக்காட்டுத்தாங்கல்ல அஞ்சு வருசமா தனியாதான் சுத்திக்கினு இருந்தேன்." ஒரு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "பக்கத்துல நாலு பேரு வரணும்னுதான் காத்துக்கினு இருந்தேன்."

"நீ வுழுந்துருவன்னு பயமா போச்சுமா."

"தெரியும்." அடுத்த பூட்ஸையும் கழற்றினாள். குரல் உயரவில்லை. "நீ எத்தினி தபா புயல் கூண்டு ஏத்திக்கீதுன்னு தெரிஞ்சே லாஞ்சு ஏறிக்கீற. அம்மா உன்னிய போவாதன்னு சொல்லிச்சா? நான் சொன்னனா? வாசல்ல வந்து நின்னோம். நீ கண்ணுலேர்ந்து மறையற வரைக்கும் நின்னுட்டு, உள்ள போயி ஜெபம் பண்ணோம். அவ்ளோதான் நைனா. அதத்தான் நானும் கேட்டேன். சும்மா நில்லுன்னு."

செபஸ்தியான் குனிந்தார். கழற்றி வைத்த பூட்ஸை எடுத்து, அதில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் லுங்கியால் துடைக்கப் பார்த்தார். துடைக்க மண்ணே இல்லை. ரேஸ் மண் அந்த பூட்ஸில் தெறிக்கவே இல்லையே. அப்போதுதான் அந்த மனுஷன் அழுதார்.

ஜெனிதா பூட்ஸை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள். "அழுவாத. போயி வேலைய முடி. நான் வண்டிய வேன்ல ஏத்திட்டு அங்கயே ஒக்காந்திருக்கேன், சேந்து போலாம். அம்மா சோத்த வெச்சிக்கினு காத்துக்கினு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

பீர் முஹம்மது ஜேசிபியைக் கிளப்பினான். எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கட்டும் என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டான். செபஸ்தியான் பாதையைச் சுற்றி ஒரு தரம் பார்த்தார். தண்ணீர் அளவாக விழுந்து, காற்று அளவாகப் பட்டு, மண் பதமாக இறுகி, குதிமேடும் வளைவும் விளக்கு வெளிச்சத்தில் ஒரு குறையில்லாமல் கிடந்தன. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு பாதை அவருக்கு அமைந்ததில்லை.

"எங்கிருந்து ஆரம்பிச்சா இன்னாடா" என்றார்.